சேதி சொல்லப் போன பிள்ளைகள்

“வெளிச்சம் வேண்டாம், கைத்தொலைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள்” என்று மலாய்மொழியில் மெல்லச் சொல்லிவிட்டுத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கினார் படகோட்டி. கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில், கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றின்மேல் இருந்தோம் நானும் என் மகளும். இரவு மணி எட்டைத் தாண்டியிருந்தது. கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் அப்பிக்கொண்டு, யாரோ தாளம் போட்டுக் கொடுத்ததுபோல் ஒன்றாக மின்னுவதும் ஒன்றாக அணைவதுமாக இருந்தன. இந்தக் காட்சிக்காக வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். வெளிச்சம் பட்டால் மின்மினிகளுக்கு ஆகாது என்பதால் கைத்தொலைபேசிக்கும் புகைப்பட வெளிச்சத்துக்கும் அங்கே இடமில்லை.

என் மகளுக்கு வயது பன்னிரண்டு. கைத்தொலைபேசி இல்லாமல் அவள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. முதல் ஐந்து நிமிடம் கை வைக்க இடம் தெரியாமல் தவித்தாள். பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மரங்களையே பார்த்தாள். கரை ஏறும்போது கேட்டாள்: “அப்பா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ தோட்டத்துல இப்படித்தான் இருட்டா இருக்குமா? போன் இல்லாம என்னதான் செஞ்சீங்க?”

பள்ளிக்கூடத்தில் என் மாணவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கோலி விளையாடினோம், பம்பரம் விட்டோம், ஆற்றில் குளித்தோம் என்று பாடம்போல ஒப்பித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் அது முழுப் பதிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறைதானே, நாளைக் காலையில் நேராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவோம் என்று நினைத்தேன். நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அங்கிருந்து அதிகத் தொலைவு இல்லை. அப்படியிருந்தும் நான் அங்கே போய்ப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஏன் போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காலையில் கோலசிலாங்கூரில் பசியாறிவிட்டுப் புக்கிட் ரோத்தான் வழியாகப் புறப்பட்டோம். எங்கள் காலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னமும் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். இந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரில் தென்னை இருந்தாலும் அது புகழ் பெற்றது செம்பனையால். மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது அங்கேதான், 1917-இல். அதைச் செய்த ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் ஓர் எழுத்தாளரும்கூட. இந்நாட்டு வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரைக்கு நாவல் எழுத நேரம் இருந்தது, நம் பாட்டன்மார்களுக்கு மூச்சு விடத்தான் நேரம் இல்லை என்று என் மகளிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தோட்டம் அப்போது கித்தாத் தோட்டம். 1980-களில் உலகத்திலேயே அதிகமாக ரப்பர் விளைந்த நாடு மலேசியாதான். பிறகு விலை விழுந்தது, ஆள் பஞ்சம் வந்தது, செம்பனைக்கு மவுசு கூடியது. தொண்ணூறுகளில் எங்கள் மரங்களையும் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அந்தச் செம்பனையும் முதிர்ந்துபோய் இப்போது இரண்டாம் நடவு நிற்கிறது. சடக்கிலிருந்து தோட்டத்துக்குள் இரண்டு மைல் செம்மண் பாதை. அது மட்டும் மாறவில்லை. அதே குழிகள்தானோ என்றுகூடத் தோன்றியது.

எட்டு வரிசை லயங்களில் இரண்டுதான் மிச்சம். மற்ற இடத்தில் எல்லாம் செம்பனை. மாரியம்மன் கோயில் புதுக்கூரையோடு நன்றாகவே இருக்கிறது. பள்ளிக்கூடம் பட்டணத்துப் பக்கம் தாமானுக்கு இடம் மாறிவிட்டது. பிள்ளைகள் அங்கே போனபிறகு பள்ளி இங்கே இருந்து என்ன செய்யும்? 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். அந்தக் கணக்கில் எங்கள் பள்ளி பிழைத்துக்கொண்ட பள்ளிகளில் ஒன்று என்று சந்தோஷப்படத்தான் வேண்டும்.

மன்றம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. வெடிப்புகளில் புல். அதன் நடுவில் போய் நின்ற என் மகள், “அப்பா, இங்க லைன் நல்லா கிடைக்குது!” என்று கத்தினாள். எங்கள் காலத்தில் லைன் என்றால் லயம், குடியிருக்கும் வீடு. எந்த லைன், எத்தனையாம் நம்பர் என்றுதான் கேட்போம். அவள் சொல்லும் லைன் ஆகாயத்திலிருந்து வருகிறது. அதுவும் அந்தத் தரையின்மேல்தான் நன்றாக வருகிறதாம்! நான் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தரைக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

முதலில் அவள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஆமாம், இருட்டுத்தான். அந்திக்கு இஞ்சின் ஓடத் தொடங்கினால் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். மறுபடி விடியற்காலையில் பிரட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம். விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டும். இன்னும் ஐந்து நிமிடத்தில் அணையப்போகிறது என்று அர்த்தம். அதற்குள் பாய் விரித்துப் படுத்துவிட வேண்டும். வானொலி சில வீடுகளில் உண்டு. நேயர் விருப்பத்தில் நம் தோட்டத்துப் பெயர் வாசிக்கப்பட்டால் அன்று முழுக்க அதுதான் பேச்சு. தொலைக்காட்சி மன்றத்தில் ஒன்றே ஒன்று.

விளையாட்டுப் பொருளை நாங்கள் கடையில் வாங்கியதில்லை, காடே கொடுத்தது. வெயில் காலத்தில் கித்தாக் காய்கள் பட்பட்டென்று வெடித்துக் கொட்டைகள் சிதறும். பள்ளி முடிந்து வந்தால் கால்சட்டைப் பை கிழியும்வரை பொறுக்குவோம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் குத்தி யார் கொட்டை உடையவில்லை என்று பந்தயம். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி, முன்னால் உட்கார்ந்திருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடுவதும் உண்டு. இதற்காக நான் வாங்கிய பிரம்படிக்குக் கணக்கில்லை. பெண்பிள்ளைகள் ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கித் தாண்டுவார்கள். கித்தா இலைகளைப் பழைய டின்னில் ஊறப் போட்டு, சதை அழுகியதும் மெல்லத் தேய்த்துக் கழுவினால் நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சும். அதற்கு மை பூசிக் காயவைத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வோம். என்னிடம் அப்படி ஓர் இலை இன்னும் இருக்கிறது, தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றின் நடுவில்.

விளையாட்டைப் பற்றிப் பேசினால் நாள் போதாது. ஆனால் விளையாட்டுக்கு நடுவே எங்களுக்கு வேறொரு வேலை இருந்தது. அதைத்தான் நான் என் மாணவர்களிடம் சொன்னதே இல்லை. நாங்கள்தான் அந்தத் தோட்டத்துத் தொலைபேசி.

“போய்ச் சொல்லிட்டு வா.” ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைக் கேட்டிருப்பேன்! அத்தைக்கு உடம்பு சரியில்லை, போய்ச் சொல்லிட்டு வா. நாளைக்குப் பிரட்டு முன்னாலேயே வைக்கிறார்களாம், நாலாவது லயத்தில் போய்ச் சொல்லிட்டு வா. கடைக்காரரிடம் சம்பளத்துக்குத் தருகிறேன் என்று சொல்லி ஒரு கட்டி அரிசி வாங்கிக்கொண்டு வா. அந்தக் கடன் எல்லாம் 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகத்தில் ஏறும். அதைக் கொண்டுபோய்க் கொண்டு வருவதும் பிள்ளைகள்தான். எந்த வீட்டில் எவ்வளவு கடன் என்று பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

விடுமுறை நாளில் மரம் வெட்டப் போன அப்பா அம்மாவுக்குப் பசியாறக் கொண்டு போவோம். காட்டுக்குள் எந்த நிரையில் நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? வாயில் கையைக் குவித்து ஒரு கூவல் கொடுப்போம். நிரைக்கு நிரை அந்தக் கூவல் கைமாறிப் போகும். கடைசியில் எங்கிருந்தோ அம்மாவின் குரல் பதிலுக்கு வரும். ஒவ்வொருவர் குரலும் எங்களுக்கு அடையாளம் தெரியும், இன்றைக்குத் திரையில் பெயர் வருகிறதே, அதுபோல.

சாவுச் சேதியைப் பெரும்பாலும் பெரியவர்கள்தான் சொல்லப் போவார்கள். ஆனாலும் அவசரத்துக்குப் பிள்ளைகளும் ஓடியது உண்டு. ஓடிப் போய் மூச்சு வாங்க நிற்கும் பையன் முகத்தைப் பார்த்தே அந்த வீட்டுப் பெண்கள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள்.

எனக்குக் கூடுதலாக இன்னொரு வேலை இருந்தது, கடிதம் படிப்பது. இரண்டாம் வகுப்பிலிருந்தே கூட்டெழுத்தைத் தடங்காமல் வாசிப்பேன் என்று பெயர் வாங்கிவிட்டேன். ஊரிலிருந்து வரும் நீல நிற விமானக் கடிதம், பதிவு அலுவலகத்திலிருந்து சிவப்பு அடையாளக் கார்டைப் பற்றி வரும் மலாய்க் கடிதம், சங்கத்துத் தாள் எல்லாம் என் கைக்கு வரும். கூலி ஒரு முறுக்கு, சில நேரம் பத்துக் காசு. நான் தமிழ் கற்றது பாடப் புத்தகத்தில் பாதி, அந்தக் கடிதங்களில் பாதி. எல்லாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் தொடங்கும். இரண்டாவது பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். மாடு செத்ததும், தங்கை புருஷன் அடித்ததும், ஐந்நூறு ரூபாய் அனுப்பினால் வீட்டைக் காப்பாற்றலாம் என்பதும் அங்கேதான் வரும்.

எந்த வரியை எப்படிப் படிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே வந்தது. ஒருமுறை ஒரு தாத்தாவுக்கு, ‘நீ வருவாய் என்று பார்த்துப் பார்த்து அம்மா கண்ணை மூடினாள்’ என்று எழுதி வந்திருந்தது. முதல் பாதியை விட்டுவிட்டு, அம்மா காலமானார்கள் என்று மட்டும் படித்தேன். தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என்னைக் கேட்டுதாமா?” என்றார். இல்லை தாத்தா என்றேன். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது அங்கே காரியமெல்லாம் முடிந்து மாதம் ஒன்று ஆகியிருந்தது. தந்தி என்று ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் ஊரில் எல்லாருக்கும் அது கட்டுப்படியாகவில்லை. இப்போது அந்தத் தந்தியும் இல்லை. மலேசியாவில் 2012-இலும் இந்தியாவில் 2013-இலும் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள்.

இதனால்தான், ‘அந்தக் காலம் போல் வருமா’ என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடிவதில்லை. அவர்களுக்கு மின்மினி ஞாபகம் இருக்கிறது. இருட்டு மறந்துவிட்டது.

இனி, அந்தச் சிமெண்டுத் தரையின் கணக்கு. இதை நான் என் தாயாரிடம்கூடச் சொன்னதில்லை.

1988-ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினொன்று, ஐந்தாம் வகுப்பு. அது சம்பளச் சனிக்கிழமை. சம்பளத்தன்று மன்றத்தில் வீடியோ போடுவார்கள். வீட்டுக்கு ஒரு வெள்ளி வசூல், பட்டணத்திலிருந்து வாடகைக்கு எடுத்து வரும் படப்பெட்டி, அன்று மட்டும் பகலிலும் இஞ்சின் ஓடும். இரண்டரை மணிக்கு ரஜினிகாந்த் படம். நான் மூன்று மணிக்கு வீட்டிலிருந்து ஓடி வருகிறேன். ஆபீஸ் வாசலில் கிராணி கைதட்டிக் கூப்பிட்டார்.

“டேய் தம்பி, கோடிவீட்டு அம்மாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லு. மகன் மோட்டார் சைக்கிள்ல விழுந்து பட்டணத்து ஆஸ்பத்திரியில இருக்கான். இப்பத்தான் போன் வந்துச்சு. அம்மாவைக் கேக்குறானாம். அஞ்சு மணி பஸ்ஸை விட்டுடாம புறப்படச் சொல்லு.”

தோட்டம் முழுக்க ஒரே தொலைபேசி. அது ஆபீசில். கோடிவீட்டு அத்தை எங்கள் லயத்தின் கடைசி வீடு. எனக்கு முறுக்கு சுட்டுத் தந்து கடிதம் படிக்கச் சொல்லுகிறவர்களில் முதல் ஆள். புருஷன் இல்லை. ஒரு மகன், ஒரு மகள். மகன் ஷா ஆலாம் பக்கம் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ஆபீசிலிருந்து அவர் வீட்டுக்கு மன்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சன்னல் எல்லாம் தலை. சண்டைச் சத்தம் கேட்டது. இந்தச் சண்டை முடிந்ததும் போய்விடலாம் என்றுதான் நின்றேன். சன்னல் கம்பியில் தொங்கியவன் எப்போது உள்ளே போய் அந்தத் தரையில் உட்கார்ந்தேன் என்பது எனக்கே தெரியாது. மணி ஐந்து இருக்கிறதே, இன்னும் நேரம் இருக்கிறதே என்று நினைத்தது மட்டும் ஞாபகம். படம் முடிந்து வெளியே வந்தபோது நிழல் நீண்டு கிடந்தது. அஞ்சடிக் கூடத்தில் சுவர்க்கடிகாரம் ஐந்தே கால் காட்டியது.

ஓடினேன். அத்தை வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். “எப்படா போன் வந்துச்சு?” என்று கேட்டார். “இப்பத்தான் அத்தை” என்றேன்.

அவர் இரண்டு மைல் சடக்குவரை ஓடினார். பேருந்து போய்விட்டது. தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். சம்பள நாள் ஆயிற்றே, மூவருமே கள்ளுக்கடையில் நிலை தெரியாமல் கிடந்தார்கள். கிராணி குடும்பத்தோடு காரில் கோலாலம்பூர் புறப்பட்டுப் போயிருந்தார். இரவு முழுவதும் அத்தை சடக்கோரத்தில் உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னார். விடிந்ததும் முதல் பேருந்தில் போனார். மகன் அதிகாலை மூன்று மணிக்கே போய்விட்டான்.

ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்திருந்தால் உயிர் பிழைத்திருப்பானா என்று கேட்டால், மாட்டான். அடி பலமானது. ஆனால் அம்மாவைப் பார்த்திருப்பான். இதைப் பெரியவனான பிறகு நான் எத்தனை இரவு யோசித்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அத்தை என்னைப் பார்த்தாலும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மறுபடி அவருக்குக் கடிதம் படிக்கவே இல்லை. இடைநிலைப் பள்ளிக்குப் பட்டணம் போனேன். தோட்டத்தில் செம்பனை நட்டார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின.

இதையெல்லாம் அந்தத் தரையில் நின்று என் மகளிடம் சொல்லி முடித்தபோது, அவள் கையிலிருந்த கைத்தொலைபேசியின் திரை தானாக அணைந்துபோயிருந்தது.

மிச்சமிருக்கும் லயத்துப் பக்கம் நடந்தோம். அங்கே இப்போது இருப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். எங்கள் வீடு இருந்த வரிசையில் ஒரு வாலிபர் படிக்கட்டில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் தன் குழந்தையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். வங்காளதேசத்துக்காரர். குழந்தை அங்கே சாப்பிட மறுக்கிறது போலிருக்கிறது. இவர் இங்கே வாயைத் திறந்து ‘ஆ’ காட்டுகிறார். குழந்தை அதைப் பார்த்து வாயைத் திறந்தது. அம்மா முகத்தைப் பார்க்காமலே இதே லயத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் தாத்தா எனக்கு ஞாபகம் வந்தார்.

ஆனாலும் கைத்தொலைபேசி எல்லாருக்கும் ஒன்றுபோல் வந்து சேரவில்லை. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது அதைக் கண்ணால் கண்டேன். என் வகுப்பில் பல வீடுகளில் ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நான் காலையில் அனுப்பும் பாடத்துக்கு இரவு ஒன்பது மணிக்குப் பதில் வரும். மூன்று பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு எழுதுவார்கள். சில வீடுகளிலிருந்து பதிலே வராது. பிறகு கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் பயிற்சித் தாள்களை அச்சடித்து, மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போட்டுவிட்டு வந்தேன். நாய் துரத்தியது. மழை நனைத்தது. ஒரு வீட்டைக்கூட விடவில்லை. சக ஆசிரியர்கள் கடமை உணர்ச்சி என்று பாராட்டினார்கள். அவர்களுக்கு எங்கே தெரியும், நான் எந்தக் கடனை அடைத்துக்கொண்டிருந்தேன் என்று!

கோயிலில் பூசாரி ஐயா என்னை அடையாளம் கண்டுகொண்டார். யார் யார் எங்கே என்று பேச்சு வந்தது. பாதிப் பேர் போய்விட்டார்கள். “கோடிவீட்டம்மா இருக்காங்க, தெரியுமில்ல? பெர்ஜுந்தையில மக வீட்டுல. எண்பத்து மூணு வயசு. ஆடிக்கு வந்து கூழ் ஊத்திட்டுப் போனாங்க” என்றார். அத்தை உயிரோடு இல்லை என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது என்பதே உண்மை. “போய்ப் பார்க்கலாம்பா” என்றாள் மகள்.

மலிவு விலை வீட்டு வரிசையில் மூன்றாவது வீடு. வாசலில் வெற்றிலைக் கொடி. மகள் வேலைக்குப் போயிருந்தார். அத்தை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தார், குரல் மட்டும் அப்படியே. நான் பெயரைச் சொல்லும் முன்பே, “காயிதம் படிக்கிற பையன்தானே? வாத்தியாராயிட்டியாமே?” என்றார்.

காப்பி வந்தது. என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கன்னத்தைத் தடவினார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். மூணு மணிக்கே எனக்குச் சேதி தெரியும் அத்தை, நான் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் என்று.

அத்தை இடிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்டா” என்றார். “துக்கம் கேக்க வந்த கிராணி, மூணு மணிக்கே ஆள் அனுப்பினேனே, பையன் எத்தனை மணிக்கு வந்தான்னு கேட்டாரு. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுச்சு. உடனே வந்துட்டான் ஐயா, நான்தான் வெறகுக்குப் போயிருந்து பஸ்ஸை விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் அத்தை?”

“உங்கப்பன் கை உனக்குத் தெரியாதா? கொன்னே போட்டிருப்பான். ஒரு வீட்டுல ஒரு பிள்ளை போனது போதாதா?” கொஞ்ச நேரம் கழித்து, “உம்மேல ஆத்திரம் இல்லாம இல்ல. ரொம்ப நாள் இருந்துச்சு. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவியே, அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் வரும். ஒரு தரம் வந்து அத்தைன்னு கூப்பிட்டிருக்கலாமில்ல?” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் தலையணைக்கு அடியிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். அத்தை கையை விட்டு ஒரு கைத்தொலைபேசியை எடுத்தார்.

“மகளோட மவன் வாங்கிக் குடுத்தது. சிங்கப்பூர்ல வேலை. கூப்பிட்டா பேசுவேன். இப்படி எழுத்துல அனுப்புனா எனக்கு என்ன தெரியும்? மக ராத்திரிதான் வரும். இந்தா, படி” என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். பேரன் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தான். சுருக்கிச் சுருக்கி, எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியையும் காரில் விட்டு வந்திருந்தேன். மகளிடம் கொடுத்தேன். அவள் கடகடவென்று படித்தாள்.

“பாட்டி, சாப்பிட்டீங்களா? மருந்து மறக்காம போடுங்க. அம்மாகிட்ட காசு அனுப்பியிருக்கேன், தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கங்க. நல்ல கலரா எடுங்க...”

சட்டென்று நின்றாள். திரையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். பிறகு, “உடம்பைப் பார்த்துக்கங்க பாட்டி, அவ்வளவுதான்” என்று முடித்தாள். நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அத்தைக்கும் தெரிந்துவிட்டது. இப்படிப் படித்த ஒரு பையனை அவர் முன்பே பார்த்திருக்கிறார் அல்லவா? அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“லீவு கெடைக்கலையாமா? வரலைன்னு எழுதியிருக்கானா? பரவாயில்ல கண்ணு, அதையும் படி.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் மறுபடி முதல் வரியிலிருந்து, இந்தத் தடவை நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள்.